அன்னபூரணியும் வெள்ளுடைத் தேவதையும்



ஒரு மனிதனிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்க வேண்டுமானால் அதற்கு நமது நாட்டில் வெகுகாலமாகக் கையாளப்பட்டு வரும் தந்திரம் ஒன்று உண்டு. அது என்னவென்றால், அம்மனிதனுக்கு ஒரு பெரிய பட்டத்தைச் சூட்டிவிடுவதேயாகும். பட்டம் பெற்றவன் கூலியைப் பற்றி வாய் திறந்தால் பட்டத்துக்கு இழுக்கு வந்துவிடுமே என்று அஞ்சிக்கொண்டு சாகும்வரை சுமப்பான். கொடுத்தவனுக்கோ காலணா செலவில்லை.

இந்தத் தந்திரம் ஆண்களிடத்தில் எப்போதாவதுதான் பலிக்கும். பெண்களிடத்திலோ தினந்தோறும் மூன்று வேளையும் பலித்துக்கொண்டிருக்கிறது. வீட்டிலே அடுப்பூதுகிறவளுக்கு "அன்னபூரணி" என்றும், "கிருகலட்சுமி" என்றும், "இல்லத்தரசி" என்றும் பட்டங்கள். அரசி என்றால் ராஜ்யம் எங்கே, கஜானா எங்கே, ஒரு நாளாவது சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுண்டா என்று யாரும் கேட்கக் கூடாது. அவளே வீட்டைவிட்டு வெளியே வந்து நோயாளிகளைக் கவனிக்கும் தொழிலைப் படித்தாளானால், அங்கேயும் "வெள்ளுடைத் தேவதை" என்று ஒரு பட்டம் தயாராக இருக்கிறது. தேவதைக்கு உறக்கம் எதற்கு, உணவு எதற்கு, சம்பள உயர்வுதான் எதற்கு?

இந்த இரண்டு பட்டங்களும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்ட கள்ள நாணயங்கள் என்பதையே இவ்வியாசத்தில் எடுத்துச் சொல்லப் போகிறேன். இதற்கு ஊரார் வீட்டு உதாரணம் தேட வேண்டிய அவசியம் இல்லை. என் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறேன். ஏனெனில், தன் வீட்டு அழுக்கை மூடி வைத்துக்கொண்டு ஊரார் வீட்டு அழுக்கைப் பேசுகிறவனுக்கு மேடையேற யோக்கியதை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

உப்புக் குற்றம்

எனது துணைவியாருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுவருஷமே, 19-ம் வயதில் என்னோடு திருமணமாயிற்று. சுயமரியாதைத் திருமணந்தான்; மாலை மாற்றிக்கொண்டு, "இருவரும் சம உரிமையுள்ள நண்பர்களாய் வாழ்வோம்" என்று உறுதி கூறி நடந்தது. அந்த உறுதி மேடையோடு நின்றுபோனது என்பதை நான் உணர்ந்துகொள்ளப் பதினைந்து வருஷம் பிடித்தது.

எனது தாயார் பக்கவாதத்தால் ஒன்றரை வருஷம் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். உறவினர்கள் தாயத்துக் கட்டினார்கள். வேண்டுதல் முடிந்து வைத்தார்கள். முதுகிலே கண்ட படுக்கைப் புண்ணோ தாயத்துக்குப் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்து கட்டுப்போட்ட ஒரு நர்சு அம்மையார், இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றும், தோலை ஈரமின்றி வைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். எனது துணைவியார் அப்படியே செய்தார்; புண் ஆறிற்று. தாயார் பின்னர் இறந்துபோனாலும் அந்தப் புண்ணோடு இறக்கவில்லை. "இதை நான் முறையாப் படிச்சா என்னங்க?" என்று துணைவியார் கேட்டது அப்போதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தமது 33-ம் வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கும்போது, மூன்று வருஷ நர்சிங் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். நானும் தாராள மனதோடு "சம்மதம்" கொடுத்தேன். அவர் படிப்புக்குச் சம்மதம் கொடுக்க நான் யார் என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை.

காலை ஏழு மணிக்கு அவர் வார்டில் நிற்க வேண்டும். ஆகவே மூன்றரை மணிக்கு எழுந்து எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு ஓடுவார். மாலையில் வந்து மறுபடியும் அடுப்பு. பிள்ளைகள் தூங்கிய பிறகு உடற்கூறும் கிருமியியலும். நானோ வாரக் கடைசியில் ஊர் ஊராய்ப் போய்ப் பெண் விடுதலை பேசிவிட்டு நடு இரவில் திரும்புவேன். மூடி வைத்திருந்த தோசையைத் தின்றுகொண்டே அன்று எனக்குக் கிடைத்த கைதட்டலின் கணக்கை அவருக்குச் சொல்வேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்.

சென்ற ஆண்டு அவருக்கு இரவுப் பணிப் பயிற்சி வந்தது. ஆறு இரவுகள் கண் விழித்து ஏழாம் நாள் வீடு திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனது பெரியம்மா குடும்பத்தோடு விருந்துக்கு வந்து சேர்ந்தார். துணைவியார் முகத்தைக் கழுவிக்கொண்டு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தார். தூக்கக் கலக்கத்தில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டார். பாலும் அடிப்பிடித்துப் போயிற்று.

பெரியம்மா முதல் கவளத்திலேயே தீர்ப்பை வாசித்துவிட்டார்: "புஸ்தகம் நுழைஞ்ச வீட்டிலே அடுப்பிலே பூனைதான் தூங்கும்." அவருடைய மகன், அதாவது எனது அண்ணன் முறையாகிறவர், "அதுவும் என்ன படிப்பு? ஊரான் மலஜலம் அள்ளுற படிப்பு" என்று முடித்து வைத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்து மழுப்பினேன். ஆயிரம் பேருக்கு முன்னால் மனுதர்மத்தைக் கிழித்தெறிகிற என் வாய், ஐந்து பேர் உட்கார்ந்திருந்த பந்தியில் ஊமையாகிவிட்டது.

அன்றிரவு துணைவியார் சொன்னார்: "படிப்பை விட்டுடலாம்னு பாக்கறேங்க. ரெண்டையும் என்னால சுமக்க முடியலை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க மேடையிலே பேசறதெல்லாம் சரிதாங்க. ஆனா நம்ம வீட்டு உப்பு ஜாடி எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் அந்த உப்பைத் தின்றவனுக்கு அது இருக்குமிடம் தெரியவில்லை.

எனது சமையல் பிரதாபம்

மறுநாள் முதல் கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். இதைத் தியாகமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பழைய கடனுக்கு வட்டிகூட அல்ல. என் கையில் அந்த அடுப்படி பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

முதல் நாள் சாம்பாருக்குப் பருப்பையும் புளித்தண்ணீரையும் ஒன்றாய்ப் போட்டு ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் எரிந்தும் பருப்பு பருப்பாகவே இருந்தது. இரண்டாம் நாள் குக்கர் மூடியில் ரப்பர் வளையத்தைப் போடாமல் மூடிவிட்டு, விசில் வரும் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கருகல் வாசனை. மூன்றாம் நாள் ஈரக் கரண்டியைக் காய்ந்த எண்ணெயில் விட்டுக் கடுகோடு என் புறங்கையும் வெடித்தது. மிளகாயைக் கிள்ளிய விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரை நாள் குருடனாய் இருந்தேன். ரசத்தைக் கொதிக்க விட்டே கஷாயமாக்கினேன். ரவையைக் கட்டி தட்டாமல் கிளறும் வித்தை தெரியாமல் நான் செய்து வைத்த உப்புமாவைப் பார்த்த என் மகன், "அப்பா, இதை வெச்சு மாநாட்டுச் சுவரொட்டியை ஒட்டிடலாம். மழை பெஞ்சாலும் உரியாது" என்றான்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் இந்த வேடிக்கைக்கு உள்ளே இருக்கும் அக்கிரமத்தைக் கவனியுங்கள். எனது துணைவியார் பதினாலு வருஷத்துக்கு மேலாக, நாளைக்கு இரண்டு வேளை என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், பத்தாயிரம் வேளைக்குமேல் சமைத்திருக்கிறார். அதற்காக ஒருவராவது கூட்டம் போட்டுப் பாராட்டியதில்லை. ஒரு வேளை உப்புக் கூடிற்று. உடனே பெண் கல்வியே தப்பு என்று தீர்ப்பாகிவிட்டது. நானோ ஒரே மாதத்தில் முப்பது குற்றம் செய்தேன். எனக்குக் கிடைத்த தண்டனை என்ன? "ஐயோ பாவம், ஆம்பளை கரண்டி பிடிக்கிறாரே!" என்ற அனுதாபம். "எவ்வளவு நல்ல மனுஷன்!" என்ற நற்சாட்சிப் பத்திரம். எதிர்வீட்டு அம்மாள் இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் குழம்பே அனுப்பினார். எனது துணைவியாருக்குக் கிடைத்ததோ "புருஷனை அடுப்படியிலே விட்டுட்டுப் போறவ" என்ற பெயர். அவர் தப்பும் அவர் பேரேட்டில். என் தப்பும் அவர் பேரேட்டில். எனக்கு வரவு மட்டுந்தான். இந்தக் கணக்கை எழுதிய கணக்கப்பிள்ளை யார் என்று கேட்கிறேன்.

கைமணம் என்னும் புரட்டு

இப்படிக் கேட்டால் வைதிகர்கள் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "சமையல் என்பது பெண்ணுக்குப் பிறவியிலேயே வாய்த்தது, அவள் கைக்கு ஒரு மணம் உண்டு, ஆணுக்கு வராது" என்பார்கள். ஜாதகத்தில் இருக்கும் உண்மை எவ்வளவோ அவ்வளவுதான் இந்தக் கைமணத்திலும் இருக்கிறது.

என் பருப்பு ஏன் வேகவில்லை? எனக்கு மீசை இருந்ததாலா? துணைவியார் விளக்கினார். பருப்பின் உயிரணுச் சுவர்களைப் பெக்டின் என்னும் பசைப்பொருள் பிணைத்து வைத்திருக்கிறது. அது வெந்நீரில் இளகினால்தான் பருப்பு குழையும். புளியிலுள்ள அமிலம் அதை இளகவிடாது. ஆகவே பருப்பு வெந்த பிறகுதான் புளியை ஊற்ற வேண்டும். இட்லி மாவு பொங்குவதும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்க வைத்துக் காற்றை உண்டாக்குகின்றன. குளிர் காலத்தில் அவை மெதுவாக வேலை செய்யும். அதனால் மாவு பொங்க அதிக நேரம் பிடிக்கும். இதிலே ஆண் புளி, பெண் புளி என்றும், அரைத்தது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பொங்கும் மாவு என்றும் உண்டா? காரணம் தெரிந்தால் காரியம் வருகிறது, தெரியாவிட்டால் கெடுகிறது. மூன்றாம் மாதம் என் சாம்பாரைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். அதற்குள் என் உள்ளங்கையில் பெண்ரேகை முளைத்துவிட்டதா?

வைதிகர்களுடைய புராணங்களையே எடுத்துக்கொள்வோம். சமையலில் சிறந்தவர்கள் என்று அவை யாரைச் சொல்லுகின்றன? நளனையும் வீமனையும். இருவரும் ஆண்கள், அதிலும் ராஜ குலத்தவர்கள். இன்றைக்கும் நல்ல சாப்பாட்டை "நளபாகம்" என்கிறார்களே தவிர "தமயந்தி பாகம்" என்று யாரும் சொல்வதில்லை. கோவில் மடைப்பள்ளியில் சாமிக்குச் சமைப்பது பெரும்பாலும் யார்? கலியாணத்துக்கு ஆயிரம் இலைக்குச் சமைக்கிற தலைமைச் சமையற்காரர் யார்? பெரிய ஓட்டல்களில் வாணலிக்கு முன் நிற்பவர் யார்? பெரும்பாலும் ஆண்கள்தானே! அங்கேயெல்லாம் இந்தக் கைமணம் எங்கே போயிற்று? ஆகவே இதிலிருந்து தெரியவருவது என்னவென்றால், கூலி உள்ள அடுப்பு ஆணுக்கு, கூலியில்லாத அடுப்பு பெண்ணுக்கு என்பதேயாகும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இன்றும் எத்தனையோ வைதிக வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் பெண்ணை அடுப்படிக்குள் நுழையவிடுவதில்லை. அந்த மூன்று நாளும் அந்த வீட்டார் பட்டினியா கிடக்கிறார்கள்? யாரோ சமைக்கத்தானே செய்கிறார்கள்? குடும்பம் குலைந்துவிட்டதா? தீட்டென்றால் அவளுக்கு அடுப்படியிலிருந்து விடுமுறை உண்டு. பரீட்சை என்றால் கிடையாது. ஆறு இரவு கண் விழித்தாள் என்றாலும் கிடையாது. அவளை இழிவுபடுத்துவதற்கு மூன்று நாள் ஒதுக்க முடிகிற உங்களுக்கு, அவளைப் படிக்க வைக்க ஒரு நாள் ஒதுக்க முடியவில்லையே, ஏன்?

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-ல் இந்திய அரசாங்கமே நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர்தான். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். அதாவது பெண்ணுக்குத் தினம் ஐந்து மணி நேரம். வருஷக் கணக்காய்த் தினம் ஐந்து மணி நேரம் ஒரு மனிதனுக்குக் கிடைத்தால் அவன் எத்தனை பட்டம் படிக்கலாம், எத்தனை தொழில் கற்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு மூளையில்லை என்று சொன்னவர்கள், அவளுக்கு நேரம் இல்லாமல் செய்தவர்களே.

மலஜலம் அள்ளுகிற படிப்பு

நிற்க. அண்ணன் முறையாகிறவர் சொன்ன "மலஜலம் அள்ளுகிற படிப்பு" என்பதற்கு வருவோம்.

நோயுற்ற மாமியாரின் மலஜலத்தை வீட்டிலே ஒரு பெண் இலவசமாக அள்ளினால் அது "புண்ணியம்", "நல்ல மருமகள்". அதையே முறைப்படி கற்று, கையுறை போட்டு, கிருமியின் போக்கறிந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் அது "இழிவு". அப்படியானால் இழிவு மலத்திலா இருக்கிறது? சம்பளத்தில் அல்லவா இருக்கிறது! இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால் ஜாதி உட்கார்ந்திருக்கிறது. வார்டில் எந்த ஜாதிக்காரன் புண்ணையும் எந்த ஜாதிக்காரியும் தொட வேண்டியிருக்கிறதே, அதுதான் இவர்களுக்குப் பொறுக்கவில்லை. நம் நாட்டில் இத்தொழிலுக்கு முதலில் முன்வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே என்பது எல்லோரும் அறிந்த விஷயம். மற்றவர்களைத் தீட்டும் தாலியும் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டன.

அந்தத் தீட்டு என்ன விலை கேட்டது என்பதற்குத் திண்டிவனத்தில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1890-களில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடித்த மூன்று இளம் பெண்களின் வீட்டார் பாதிரியாரின் மகளான ஐடா ஸ்கடரிடம் ஒருவர் பின் ஒருவராக வந்து உதவி கேட்டார்கள். அவர் மருத்துவம் படித்தவரல்ல. டாக்டரான தம் தகப்பனாரை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூன்று வீட்டாரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்தார்கள். வந்தவர்களில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார்; பெண்ணைச் சாகவிடுவதில் மதங்களுக்குள் சண்டை இல்லை. அந்த அம்மையார் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1909-ல் நர்சுப் பள்ளியும் வைத்தார். அந்த மூன்று பெண்களின் சாவு எந்தத் தெய்வத்தின் கோபம்? படித்த பெண் ஒருத்தி அருகில் இல்லாத குறை அல்லவா?

இன்னும் சிலர், "நர்சு வேலைக்குப் படிப்பு எதற்கு? தாயுள்ளம் இருந்தால் போதும்" என்கிறார்கள். இது கைமணத்தின் கூடப்பிறந்த தங்கை. இன்சுலின் எத்தனை யூனிட் ஏற்ற வேண்டும் என்று தாயுள்ளம் சொல்லுமா? பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை "விளக்கேந்திய சீமாட்டி" என்று பாடப்புத்தகத்தில் புகழ்கிறார்கள். 1854-ல் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன அந்த அம்மையார், சிப்பாய்கள் குண்டடியால் செத்ததைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் மிகுதியாகச் செத்தார்கள் என்பதைப் புள்ளிக் கணக்கெடுத்து 1858-ல் படம் போட்டுக் காட்டினார். 1860-ல் லண்டனில் நர்சுப் பள்ளி தொடங்கி, இது பிறவிக் குணமல்ல, கற்றுத்தர வேண்டிய தொழில் என்று நிலைநாட்டினார். அவர் கையிலிருந்த விளக்கைப் பாடுகிறவர்கள் அவர் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மறைத்துவிட்டார்கள். ஏனெனில் விளக்கேந்திய பெண்ணைக் கும்பிடலாம். கணக்குக் கேட்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமே!

உப்பின் உண்மைக் கணக்கு

என் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடியதற்கு உறவெல்லாம் கூடிற்றே, அந்த உப்பைப் பற்றி எனது துணைவியார் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கேளுங்கள். வளர்ந்த மனிதனுக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் போனால் ரத்தக் கொதிப்பு ஏறும். வயிற்றுப்போக்கில் நீரிழந்து கிடக்கும் பிள்ளைக்கோ அதே உப்புத்தான் உயிர். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாய் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். அளவு தவறி உப்பு மிகுந்தால் மருந்தே கேடாகும்.

1971-ல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளத்துப் பன்கானில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனபிஸ் என்பவர் உப்பையும் குளுகோஸ் சர்க்கரையையும் சோடா உப்பையும் அளந்து பொட்டலம் கட்டித் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு அவரது முகாமில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. தகப்பன் கொடுத்தாலும் உயிர் பிழைத்தது. தாய் கொடுத்தாலும் பிழைத்தது. மந்திரமும் இல்லை, கைராசியும் இல்லை. அளவு தெரிந்த கைதான் அங்கே தெய்வத்தின் வேலையைச் செய்தது. இந்த அளவைக் கற்கப் போன ஒரு பெண்ணைத்தான், குழம்பில் ஒரு கரண்டி உப்பைக் காட்டி வீட்டுக்குத் திருப்ப நாம் முயன்றோம்.

பூமாரி

இனி தேவதைப் பட்டத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். 2020-ல் கொரோனா வந்தபோது மார்ச் 22-ந் தேதி நாடே வாசலில் நின்று தட்டைத் தட்டிற்று. மே 3-ந் தேதி விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் மலர் தூவின. புராணங்களில் தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள் என்று படித்தோமே, அதைக் கண்ணால் கண்டோம். ஆனால் அதற்குச் சுமார் இரண்டரை வருஷத்துக்கு முன், 2017 நவம்பரில், இதே தேவதைகள் ஆயிரக்கணக்கில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணி இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, அது எதற்காக? மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தமாய் அமர்த்தப்பட்டவர்கள் வேலையை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டார்கள். அப்போது எந்த ஹெலிகாப்டரும் பறக்கவில்லை.

உச்சநீதிமன்றம் 2016-ல் சொல்லியதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அதை அமுலாக்க ஒரு நீதிமன்றமும் ஒரு குழுவும் ஓயாத போராட்டமும் தேவைப்படுகிறது. பூத்தூவுவதற்கோ ஒரு உத்தரவு போதுமாயிருந்தது. பூ மலிவு, சம்பளம் கிராக்கி; இதுதான் தேவதைப் பட்டத்தின் ரகசியம். அன்னபூரணிக்குச் சமையற்கூலி கிடையாது, தேவதைக்கு நியாயமான சம்பளம் கிடையாது. பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலியைக் கேளுங்கள் என்பதே பெண்மக்களுக்கு நான் சொல்வது.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

வைதிகர்களைப் பற்றிப் பேசினது போதும். நம் இயக்கத் தோழர்களை நான் கேட்கிறேன். 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் மகளுக்குச் சம சொத்துரிமை சட்டமானது 1989-ல். அறுபது வருஷம் சென்றது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டமாவதற்கு 1967 வரை காத்திருந்தோம். அவற்றுக்கெல்லாம் சட்டசபை தேவைப்பட்டது. காத்திருந்ததில் நியாயம் உண்டு. உங்கள் வீட்டு அடுப்படிக்கு எந்தச் சட்டசபை வேண்டும்? எந்த மெஜாரிட்டிக்காகக் காத்திருக்கிறீர்கள்? நாளைக் காலையில் நீங்கள் எழுந்து அரிசி களைந்தால் எந்தக் கோர்ட்டு தடை உத்தரவு போடும்?

"எங்களுக்கு வேலை அதிகம், நேரமில்லை" என்பீர்களானால், அந்த வேலையைக் குறைக்கும் வழிகளுக்காகப் போராடுவோம். 2022 செப்டம்பரில் அரசாங்கப் பள்ளிகளில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி என் மகளுக்கு வயிற்றையும், எனது துணைவியாருக்கு விடியற்காலையில் அரை மணி நேரத் தூக்கத்தையும் தந்தது. அத்தகைய பொது அடுப்புகள் ஊருக்கு ஊர் பெருக வேண்டும். ஆனால் பொது அடுப்பு வரும்வரை வீட்டு அடுப்பு பெண்ணுக்குத்தான் என்று சொல்கிறவன், பொதுவுடைமை வரும்வரை ஜமீன்தார் இருக்கலாம் என்று சொல்கிறவனுக்குச் சமானம்.

பிள்ளைகளிடத்திலும் நம் கடமை உண்டு. என் மகனுக்கு இப்போது பதினாலு வயது. சோறு வடிக்கவும், குழம்பு கூட்டவும், தன் தட்டைக் கழுவவும் கற்றுக்கொண்டுவிட்டான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு நான் வரதட்சணை வாங்கப் போவதில்லை. இந்த ஒன்றை நானே கொடுக்கப் போகிறேன்.

எனது துணைவியார் படிப்பை விடவில்லை. இரண்டாம் ஆண்டில் தேறி இப்போது மூன்றாம் ஆண்டில் பிரசவ வார்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் இரவுப் பணி முடிந்து வந்தவர் நான் வைத்த புளிக்குழம்பை ருசி பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க" என்றார். பெரியம்மா உட்கார்ந்திருந்தார். ஆண் கல்வி தப்பு என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை பெண் விடுதலையைப் பற்றிப் பேச உங்கள் ஊருக்கு வருகிற பேச்சாளர் யாராயிருந்தாலும், நானாகவே இருந்தாலும், மாலை போடுவதற்கு முன் அவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, தங்கள் வீட்டு உப்பு ஜாடி எங்கே இருக்கிறது?" பதில் சொல்லத் தெரியாதவரை மேடையேற்றாதீர்கள். நேரே அடுப்படிக்கு அனுப்புங்கள்; அவர் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.